வரைபடத்தில் வயலின் பரப்பு தவறாக வருகிறதா?

வயலின் பரப்பு தவறினால் விதை, உரம், மருந்து அளவுகள் யாவும் தவறிவிடும். கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளில், தாமே எழுதிய பைத்தான் நிரலைக் கொண்டு பரப்பைக் கணக்கிடும்போது, ஒரு ஹெக்டேர் வயலுக்கு 0.0000008 என விடை வருவதுண்டு. பெரும்பாலும் இது நிரலின் பிழையன்று. கைப்பேசியில் பதிந்த எல்லைப் புள்ளிகள் மீட்டரில் இல்லாமல் பாகையில் இருப்பதே காரணம்.

வரைபட அடுக்கின் குறியீடு 4326 என்றிருந்தால் அளவு பாகையில் உள்ளது என அறியலாம். குறியீட்டை மட்டும் திருத்தினால் வயல் இடம் மாறிவிடும். எனவே அடுக்கை மீட்டர் அளவு முறைக்கு மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்தல் வேண்டும். கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்குக் கிழக்கேயுள்ள தஞ்சை, மதுரைக்கு 32644. மேற்கேயுள்ள கோவை, ஈரோட்டிற்கு 32643 என்ற குறியீடு ஏற்றது.

பின்னர் நிரலை இயக்கி, வரும் சதுர மீட்டரை 10,000 ஆல் வகுத்தால் ஹெக்டேர் கிடைக்கும். அதனைப் பட்டாவிலுள்ள பரப்புடன் ஒப்பிட்ட பின்னரே இடுபொருள் அளவை முடிவு செய்யவும்.