பணம் கட்டியவர் குவைத்தில், கட்டில் பொன்மலையில்

திருச்சி பொன்மலைப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று வாரம் ஒரு கட்டில் அட்டைப்பெட்டியோடு கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கொஞ்சம் உயரமான கட்டில் இருந்தால் எழுந்திருக்கச் சுலபம் என்று குவைத்தில் வேலை பார்க்கும் தம்பி இணையத்தில் தேடி, முழுப் பணமும் கட்டி அனுப்பியது. வந்த அன்று நான் வீட்டில் இல்லை. "ஒரு கையெழுத்து போடுங்கம்மா, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்" என்று வண்டியில் வந்தவர்கள் நீட்டிய செல்போனில் அம்மா விரலால் கிறுக்கிக் கொடுத்துவிட்டார். சாயந்திரம் பிரித்துப் பார்த்தால் தலைமாட்டுப் பலகையில் நீளவாக்கில் விரிசல். படத்தில் மரமாகத் தெரிந்தது, பலகைமேல் ஒட்டிய தாள். முனையில் அது உரிந்த இடத்தில், உள்ளே அமுக்கி வைத்த மரத்தூள் தெரிந்தது.

விரிசலைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை அலைக்கழித்தது. விற்ற நிறுவனத்துக்கு நான் போன் செய்தால், "பணம் கட்டியவர்தான் பேச வேண்டும்" என்றார்கள். தம்பி பேசினால், "உங்கள் இந்திய நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ நின்றுவிட்டது. கட்டிலில் படுக்க வேண்டியவர் பேசக் கூடாதாம். பேசலாம் என்று சொல்லப்பட்டவனோ அந்தக் கட்டிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பொன்மலை வீடுகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பணம் கட்டியவர்தான் பேச வேண்டும் என்று நிறுவனம் சொன்ன பதில் சட்டத்தோடு பொருந்தாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)இல் நுகர்வோர் யார் என்று சொல்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மகன் வாங்கிக் கொடுத்த கட்டிலில் படுக்கும் தாய் தன் சொந்தப் பெயரிலேயே புகார் செய்யலாம். அதற்கு அதிகாரப் பத்திரம் வேண்டியதில்லை, தூதரக முத்திரையும் வேண்டியதில்லை.

இதோடு பிரிவு 34ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடைக்காரர் இருக்கும் ஊரில் அல்லது பிரச்சினை எழுந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். இப்போது புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருக்கட்டும், டெல்லியில் இருக்கட்டும், பொன்மலையில் குடியிருக்கும் அம்மாவுக்குத் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எங்கள் ஊருக்கு மரம் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே வந்தது 1928இல். அதைச் சுற்றித்தான் காலனியும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும், ரிட்டயர் ஆனவர்கள் கல்கண்டார்கோட்டை பக்கம் கட்டிய வீடுகளும் வளர்ந்தன. அந்தத் தலைமுறை ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, எடையைத் தூக்கிப் பார்த்து, கட்டில் செய்துகொண்டது. இன்று மகனோ மகளோ ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு படத்தைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. தட்டிப் பார்க்க முடியாத இடத்தில் வார்த்தைகளைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

'தேக்கு ஃபினிஷ்', 'வால்நட் ஃபினிஷ்' என்று போட்டிருந்தால் அது நிறத்தைத்தான் சொல்கிறது, மரத்தை அல்ல. 'இன்ஜினியர்டு வுட்' என்பதற்குள் நல்ல பிளைவுட்டும் அடங்கும், எம்டிஎஃப்பும் அடங்கும், பார்ட்டிகிள் போர்டும் அடங்கும். எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதும். தினமும் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் வீட்டில், தரையோடு ஒட்டி நிற்கும் பார்ட்டிகிள் போர்டு பீரோ நீண்ட நாள் தாங்காது. உலோகக் கால் வைத்து உயர்த்திய மாடலாகப் பாருங்கள். பிளைவுட் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையோடு எண்ணையும் கவனியுங்கள். பொதுவான உபயோகத்துக்கு ஐஎஸ் 303, தண்ணீர் புழங்கும் சமையலறைக்கு ஐஎஸ் 710. கட்டிலுக்கென்றே ஐஎஸ் 17635 என்ற தரநிலை இருக்கிறது, அதன்படி சோதித்ததா என்று கேளுங்கள். கேள்விக்குப் பதில் வராத கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

அளவு இன்னொரு கண்ணி. பழைய வீடுகளின் வாசல்கால் குறுகல், மாடிப்படி அதைவிடக் குறுகல். படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிய சோபாவை, 'உங்கள் வீட்டுப் பிரச்சினை' என்று சொல்லி வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வாதத்தில் கடைக்காரருக்குக் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஊரில் இருப்பவர் டேப் பிடித்து வாசல், படி, அறை மூன்றையும் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகே பணம் கட்டுங்கள்.

பொருள் வந்து இறங்கும் அரைமணி நேரம் மிக முக்கியம். அப்பா அம்மாவைத் தனியாக விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வாருங்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். பெட்டியை ஒட்டிய நாடாவிலிருந்து தொடங்கி, பிரிப்பது முழுவதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். பிரித்துக் காட்ட மறுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் விரலால் போடும் கையெழுத்தானால், அந்த வரியை அதே நிமிடம் நிறுவனத்துக்கு மெசேஜாக அனுப்புங்கள். அம்மா அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துத் தளர வேண்டாம். கையெழுத்து பொருள் வந்ததற்குத்தான் சாட்சி. உள்ளே இருக்கும் குறைக்குக் கடைக்காரரின் பொறுப்பு அதனால் போய்விடாது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். இணைய வணிகத்துக்கு 2020இல் தனி விதிகள் வந்தன. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றாலும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால், "பிடிக்கவில்லை, வேண்டாம்" என்று காரணமில்லாமல் திருப்பும் உரிமை நம் சட்டத்தில் இல்லை. அது கடையின் விருப்பம். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கண்ணால் பார்க்காமல் வாங்கும் காலத்தில் நமக்கும் அது வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் கதைக்கு வருகிறேன். அம்மாவின் பெயரில், அம்மாவின் போனிலிருந்தே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தோம். தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப் எண் 88000 01915. பில், விரிசலின் படம், நிறுவனத்தோடு நடந்த பேச்சு எல்லாவற்றையும் கொடுத்தோம். அதுவரை ஓடிபி கேட்டவர்களே அம்மாவை அழைத்து, கட்டிலை மாற்றிக் கொடுத்தார்கள். உதவி எண்ணால் உத்தரவு போட முடியாது, சமரசத்துக்கு முயலும், அவ்வளவுதான். அங்கே முடியாவிட்டால் ஆணையம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தபடியே புகாரைப் பதியலாம். வெளிநாட்டில் இருப்பவரும் பதியலாம். விசாரணைக்கு வீடியோ வழியே ஆஜராகப் பிரிவு 38இல் இடம் இருக்கிறது. ஆணையத்தின் உத்தரவை மீறினால் சிறைத்தண்டனை வரை போகலாம்.

சின்னத் தொகைக்கு யார் அலைவது என்று விட்டுவிடுகிறோம். ஆனால், பர்னிச்சர் விற்கும் ஐகியா நிறுவனம் பொருளைப் போட்டுக் கொடுத்த பைக்கு 20 ரூபாய் வாங்கியதற்காக, பெங்களூரு நுகர்வோர் ஆணையம் 2023 அக்டோபரில் அந்த 20 ரூபாயை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி, இழப்பீடும் வழக்குச் செலவுமாக 3,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

விடுமுறைக்கு வந்த அவசரத்தில் செய்யும் தவறு வேறு வகை. பத்து நாள் லீவில் ஆசாரியிடமோ இன்டீரியர் ஆளிடமோ முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். மரவகை, அளவு, முடிக்கும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வேலை நகர நகரக் கொடுத்து, கடைசிப் பங்கை அம்மா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்புங்கள். வேலையில் குறை இருந்தால் அதுவும் சேவைக் குறைபாடுதான், அதே ஆணையத்துக்கே போகலாம்.

பழைய பர்னிச்சர் விற்பனை விளம்பரங்களில், "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் வந்துவிட்டது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று வருபவரை நம்பவே வேண்டாம். முன்பணம் போனதும் அந்த ஆளும் போய்விடுவார். பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும், ஊரில் இருப்பவர் மூலம் 1930க்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குப் போய்விடும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சுவரில் பிணைக்காத அலமாரி குழந்தைகள்மேல் சாய்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், ஐகியா 2016இல் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து ஏறி விளையாடும் வீட்டில், உயரமான அலமாரி எதுவானாலும் எல் வடிவ இரும்பு வைத்துச் சுவரோடு முடுக்குங்கள். விற்பவர் அந்த இரும்பைத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அயல்நாட்டில் தன் வீட்டுக்கு வாங்குபவருக்கு அந்த நாட்டுச் சட்டம்தான் துணை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. 20,000 சிங்கப்பூர் டாலர் வரை சிறு வழக்குத் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் புகார் கொடுக்கப் பயப்படுகிறார்கள். பொருள் வாங்கிய ரசீது கையில் இருக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை.

ஆணையத்துக்குப் போக, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. போன லீவிலோ அதற்கு முந்தைய லீவிலோ வாங்கிக் கொடுத்த கட்டில் ஆடிக்கொண்டிருந்தால், இன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்யும்போது பில்லை எடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.