வினவி ஏற்ற அறம்

பள்ளி மாணவராக இருந்த பீமாராவுக்கு மராத்திய அறிஞர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அம்மாணவர் அண்ணல் அம்பேத்கராக உயர்ந்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. கேட்டும் ஆராய்ந்தும் மெல்ல உறுதிப்பட்ட பற்று அவருடையது.

அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே நான்கு ஐயங்களை எழுப்புகிறார். சித்தார்த்தர் துறவு பூண்டது ஏன் என்பது முதல் ஐயம். முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் முதன்முதலாகக் கண்டு கலங்கி அரண்மனையை நீங்கினார் என்பது மரபு. அப்போது அவருக்கு வயது 29. நாள்தோறும் நிகழும் மூப்பையும் சாவையும் அவ்வயதுவரை ஒருவர் காணாதிருக்க இயலுமா? எளிய வினாதான், ஆயினும் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் நிலைபெற்ற கதையை அது அசைக்கிறது.

மாற்றாக அவர் கூறும் காரணம் ஓர் ஆற்றுநீர்ப் பூசல். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் முரண்பட, சாக்கியர் சங்கம் போர் தொடுக்க முனைகிறது. சித்தார்த்தர் எதிர்க்கிறார். இருதரப்பிலும் இருவரைத் தேர்ந்து, அந்நால்வர் ஐந்தாமவரைத் தேர்ந்து, ஐவரும் பூசலைத் தீர்க்கட்டும் என்கிறார். பெரும்பான்மையோர் இசையவில்லை. போரிட மறுத்த அவர் நாட்டைவிட்டு வெளியேறுகிறார். போர் தவிர்க்கப்பட்ட செய்தி பின்னர் வந்தும் அவர் திரும்பவில்லை. மாந்தரிடையே ஓயாது நிகழும் முரண்பாட்டின் ஒரு பகுதியே போர் என உணர்ந்து, அதன் வேரைத் தேடிச் செல்கிறார்.

எஞ்சியவற்றுள் இரண்டு, நால்வகை உண்மைகளையும் பிக்குச் சங்கத்தின் நோக்கத்தையும் பற்றியவை. வினை பற்றியதே மிகக் கூர்மையானது. ஆன்மா இல்லை என்ற புத்தர் வினையையும் மறுபிறப்பையும் எவ்வாறு ஏற்றார்? முற்பிறவி வினையே இப்பிறவித் தாழ்வுக்குக் காரணம் என்றால், தீண்டாமைக் கொடுமைக்கு எவரும் பொறுப்பில்லை. துன்புறுவோரே குற்றவாளிகள் ஆவர். வகுப்பில் தனியே அமர்த்தப்பட்டு, பள்ளித் தண்ணீர்க்குழாயைத் தொடவும் தடுக்கப்பட்டவர் அவ்விளக்கத்தை எவ்வாறு ஏற்பார்? ஆகவே, வினை ஓர் உயிரைப் பிறவிதோறும் தொடரும் என்பதை அவர் மறுத்தார். செயலும் அதன் விளைவும் இவ்வுலக அறவொழுங்கைச் சார்ந்தவை எனப் பொருள் கொண்டார்.

அறிவுக்குப் பொருந்துவதையே புத்தர் மொழியாகக் கொள்ளலாம் என்பது அவர் அளவுகோல். சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் நூலையும் அவர் பெரிதும் மதித்து, 1948இல் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். மரபுவழிப் பௌத்தர் சிலரோ, அம்பேத்கர் உரைப்பது புத்தரின் தம்மமா, அவருடைய தம்மமா என்று கேட்டனர். அதுவும் கேட்கத்தக்க வினாவே. தம் ஐயங்களுக்குத் தீர்வுகாண வாசகரும் முன்வர வேண்டும் என்றே முன்னுரையில் அவர் எழுதியிருந்தார்.