பழவங்காடியிலிருந்து தும்பா வரை: நாளைக்குத் திட்டமிடும் கலை

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலுக்கு அண்மையில் பழவங்காடி என்றோர் இடம் உண்டு. தமிழர் செவிக்கு இப்பெயரின் பொருளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய அங்காடி என்பதே அது. புகார் நகரத்தின் நாளங்காடியும் அல்லங்காடியும் பற்றிப் படித்தவர்களுக்கு இச்சொல் உறவினரைப் போன்றது. ஆனால் இன்று அவ்விடத்துக்குப் பெருமை தருவது அங்காடியன்று. அங்குள்ள கணபதி கோயிலே. புதுக் கடை திறப்பவர், தேர்வு எழுதச் செல்லும் மாணவர், புது வண்டி வாங்கியவர் ஆகிய அனைவரும் அங்கு வந்து தேங்காய் உடைத்துவிட்டே அடுத்த அடி எடுத்து வைக்கின்றனர். அலுவலகம் செல்ல பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நான் நாள்தோறும் அந்த ஓசையைக் கேட்கிறேன்.

தேங்காய் உடைப்பவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரே வினாதான் உண்டு. தொடங்கும் காரியம் எவ்வாறு முடியும் என்பதே அது. தனி மனிதருக்கு உள்ள இக்கவலை பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. நாளை எப்படியிருக்கும் என்பது தெரியாது; ஆயினும் இன்றே அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்கியாக வேண்டும். தெரியாத ஒன்றுக்குத் திட்டமிடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பழவங்காடியிலிருந்து சில மைல் தொலைவில், கடற்கரையில் இருக்கும் தும்பா என்னும் சிற்றூருக்குச் சென்றால் போதும்.

அதற்குமுன் ஒரு சொல் விளக்கம். அரசாங்க மொழிபெயர்ப்பாளனாகிய என்னைப் பலமுறை மயங்கச் செய்த மூன்று கருத்துக்கள் உண்டு. இயற்கையில் முன்பே இருந்த ஒன்றை அறிவது கண்டறிதல். இல்லாத ஒரு பொருளை அறிவினால் அமைப்பது புதிது புனைதல். அப்பொருளை மக்கள் வாழ்வில் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது புத்தாக்கம். முதலிரண்டையும் ஒருவர் தனித்து அமர்ந்தே செய்துவிடக்கூடும். மூன்றாவதைப் பலர் கூடியே செய்ய இயலும். ஆதலின் அதற்குத்தான் நிறுவனமும் திட்டமும் தேவைப்படுகின்றன.

தும்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் யாது? பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறு போல் ஓடுகிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் ஏறமாட்டா. செயற்கைக்கோள்களோ அவ்வளவு தாழ்ந்து சுற்றமாட்டா. இடைப்பட்ட அப்பகுதியை நேரே சென்று ஆராய வல்லது சிறு ராக்கெட் ஒன்றே. 1962ஆம் ஆண்டில் டாக்டர் விக்ரம் சாராபாயின் தலைமையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டபோது, இந்த இயற்கை வாய்ப்பே அவர்கள் கையிலிருந்த முதல் மூலதனமாக விளங்கியது.

ஆயினும் தும்பா வெற்று மணற்பரப்பன்று. மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. புனித மரிய மகதலேனாளின் பெயரால் அமைந்த மாதா கோவிலும் அங்கே இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா விஞ்ஞானிகளின் வேண்டுகோளை மக்கள்முன் எடுத்துரைக்க, அவர்கள் இசைந்தனர். வீடுகளையும் வழிபாட்டிடத்தையும் விட்டு வேறிடம் பெயர்ந்தனர். கோவிற் கட்டடம் அலுவலகமாயிற்று. அது இன்று விண்வெளிப் பொருட்காட்சிச் சாலையாக நிற்கிறது. தாம் கண்ணால் காணாத ஒரு நாளைக்காக அம்மக்கள் தம் கையிலிருந்த இன்றைக் கொடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அந்தக் கடன் எவ்வாறு தீர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலையில் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பிற்று. ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது சுமந்து சென்ற சோடிய ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டினுடையது. சோவியத் நாடு கணிப்பொறியும் ஹெலிகாப்டரும் தந்து உதவியது. கதிரவன் மறைந்து தரை இருண்டபின்னும் வானின் மேற்பகுதியில் வெயில் படும். அவ்வெயிலில் சோடிய ஆவி செம்மஞ்சளாக ஒளிரும். அது அலைந்து கலையும் விதத்தைப் படம் பிடித்து, அவ்வுயரத்தில் காற்று வீசும் வேகத்தைக் கணிக்கலாம்.

எல்லாம் பிறர் பொருளாயின் இதில் நம்முடையது என்ன என்று கேட்கத் தோன்றும். ஆட்களே நம்முடையவர்கள். ஏவுதளம் உருவாவதற்கு முன்பே இளம் பொறியாளர் சிலரைத் தேர்ந்து அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார் சாராபாய். இராமேசுவரத்து அப்துல் கலாமும் சென்னையைச் சேர்ந்த ஆராவமுதனும் அவர்களுள் அடங்குவர். அவர்களும் உங்களைப் போலவே பிழைப்பின் பொருட்டுச் சொந்த மாநிலத்தை விட்டு வந்து, விடுதியில் தங்கி, கிடைத்த உணவை உண்டு பணி செய்தவர்கள்தாம். பொருளை வாங்குமுன் ஆளைப் பழக்குக என்பதே தும்பா கற்பிக்கும் முதற்பாடம்.

இப்பாடத்தின் அருமையை அதற்கு மாறான அனுபவத்தினால் நான் அறிந்தேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்கென்று கணிப்பொறிகள் வந்திறங்கின. தமிழ் எழுத்துக்களை அவற்றில் அமைக்க அறிந்தவர் எவரும் இலர். கற்பிக்கவும் ஏற்பாடு இல்லை. நெடுநாள் அவை உறைபோர்த்தி நிற்க, நாங்கள் பழையபடி கையால் எழுதிக்கொண்டிருந்தோம். புதிய பொருள் வந்தது, புத்தாக்கம் வரவில்லை.

இரண்டாவது பாடம், சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. வெளிநாட்டு ராக்கெட்டை ஏவிக் கைபழகிய பின்னர், 1967 நவம்பர் 20ஆம் நாள், நம்மவரே செய்த ரோகிணி ராக்கெட் பறந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர்தான். ஒரு மூங்கில் அளவே பருமனுள்ள அதை விளையாட்டுப் பொருள் என்று எள்ளியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் எரிபொருள் கலப்பதும், உலோகக் குழல் அமைப்பதும், வெப்பத்தைத் தாங்கச் செய்வதும் அந்தச் சிறு உருவில்தான் கற்கப்பட்டன. சிறியதில் நேரும் தவற்றுக்குச் செலவு குறைவு. பெரியதில் நேரும் தவறு நிறுவனத்தையே சாய்த்துவிடக் கூடும்.

மூன்றாவது பாடம் திட்டத்தின் இயல்பு பற்றியது. 1970ஆம் ஆண்டில், அடுத்த பத்தாண்டுகளில் அணுசக்தியும் விண்வெளி ஆராய்ச்சியும் செல்ல வேண்டிய வழியைச் சாராபாய் வரைந்து வெளியிட்டார். சந்திரனுக்கு ஆள் அனுப்பும் போட்டி நமக்கு வேண்டா. ஆனால் மக்களின் குறைகளைத் தீர்க்க விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்னிடலாகாது என்பதே அவர் கொள்கை. அடுத்த ஆண்டே, 1971 டிசம்பர் 30ஆம் நாள், கோவளத்தில் அவர் திடீரென மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52.

தலைவர் மறைந்தார், திட்டம் மறையவில்லை. பேராசிரியர் சதீஷ் தவன் பொறுப்பேற்றார். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஆரியபட்டா செயற்கைக்கோள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வாயிலாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2400 கிராமங்களுக்குக் கல்வியும் உழவும் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. அந்நிகழ்ச்சிகளை அமைத்ததில் அகில இந்திய வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. சொந்தச் செயற்கைக்கோள் கிடைக்கும் வரை காத்திராமல், இரவல் பெற்ற ஒன்றைக் கொண்டே அதன் பயனைச் சோதித்தறிந்தது முன்யோசனையின் சிறப்பு.

எல்லாம் குறித்த நாளில் நடந்தனவா என்றால், இல்லை. 22 மீட்டர் உயரமும் நான்கு கட்டங்களும் கொண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, இரண்டாம் கட்டத்தில் ஏற்பட்ட கோளாற்றினால் வங்கக் கடலில் வீழ்ந்தது. புறப்படுமுன்னரே கணிப்பொறி தடை காட்டியதையும், வல்லுநர் கலந்து பேசி ஏவ முடிவு செய்ததையும் திட்ட இயக்குநரான கலாம் பிற்காலத்தில் மறைக்காமல் கூறியுள்ளார். அன்று பத்திரிகையாளர்முன் நின்று பொறுப்பேற்றவர் தவன். பதினொரு மாதங்கள் கழித்து, 1980 ஜூலை 18ஆம் நாள், அதே வகை ராக்கெட் வெற்றி கண்டபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவர் ஏற்று, வெற்றியைத் தொண்டருக்கு அளிக்கும் நிறுவனத்தில்தான் மனிதர் துணிந்து புதியன செய்வர்.

வேறொரு செய்தியும் கருதத்தக்கது. அந்த ராக்கெட்டின் நான்காம் கட்டத்தைப் பிரான்ஸின் டயமாண்ட் ராக்கெட்டுக்கும் ஏற்றவாறு பெரிதாக்க நம்மவர் உழைத்தனர். பிரான்ஸோ அந்த ராக்கெட்டையே கைவிட்டுவிட்டது. ஆயினும் உழைப்பு வீணாகவில்லை. நமது ராக்கெட்டுக்கு அது பயன்பட்டது. அதனின்று பிறந்த எந்திரமே 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளை உரிய பாதையில் சேர்த்தது. திட்டத்தில் எழுதிய முடிவு தவறலாம். திட்டத்தால் வளர்ந்த திறமை தவறுவதில்லை.

இனி, தும்பா மீனவரின் கடனுக்கு வருவோம். இன்று செயற்கைக்கோள்கள் கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் அளந்து, மீன் திரளக்கூடிய இடங்களை அறியத் துணைசெய்கின்றன. புயலின் போக்கையும் காட்டுகின்றன. எனினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, நெடுந்தொலைவு சென்றிருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளிலிருந்து சென்றவர்களுள் பலர் திரும்பவேயில்லை. வானில் 36,000 கிலோமீட்டர் உயரத்தை எட்டிய விஞ்ஞானம், கடைசியாகக் கடக்க வேண்டிய சிறு தூரத்தைக் கடக்கவில்லை. அதன்பின் 2019இல், கைபேசி எட்டாத கடற்பரப்பிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறத்தக்க ஜெமினி என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. அது ஒவ்வொரு படகிலும் சென்று சேரும் நாளில்தான் 1963இல் தொடங்கிய புத்தாக்கம் நிறைவெய்தும். கோவிலைக் கொடுத்தவர்களின் கடனும் தீரும்.

நேயர்களே! திட்டமிடுதல் என்பது சோதிடமன்று. நாளை நடப்பதை முன்கூட்டி உரைப்பதன்று. நாளை எது நடப்பினும் அதை எதிர்கொள்ள வல்லவர்களை இன்றே உருவாக்குவதாகும். ஊரை விட்டு வந்து பிற மாநிலத்தில் குடியேறிய நீங்களும் இதைச் செய்தவர்களே. புது ஊரின் மொழியைக் கற்றீர்கள், தொழிலைக் கற்றீர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள். அவர்கள் என்ன ஆவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆயினும் அவர்களைப் பழக்குகிறீர்கள். பழவங்காடியில் தேங்காய் உடைப்பவரும் உடைத்தபின் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வணங்கிவிட்டு, வேலையைப் பார்க்கப் போகிறார்.