இறந்து பிறக்கும் குழந்தைகள்: கேட்கப்படாத காரணங்கள்

புது தில்லி: பிரசவத்தின்போது தாய் உயிரிழந்தால், அது ஏன் நேர்ந்தது என்று ஆராய நாட்டில் முறையான ஏற்பாடு உள்ளது. மத்திய சுகாதார அமைச்சகம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, அந்த மரணத்தை மருத்துவமனையும் மாவட்ட சுகாதாரத் துறையும் தனித்தனியே ஆராய வேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினர்களையும் அழைக்க வேண்டும். அதே பிரசவ அறையில் நிறைமாதக் குழந்தை இறந்து பிறந்தாலோ, பல மருத்துவமனைகளில் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியும் எப்போதும் எழுதப்படுகிறதா என்பதே சந்தேகம்தான். கருவுற்று 28 வாரங்களுக்குப் பின் உயிரின்றிப் பிறக்கும் குழந்தைகளை மட்டும் கணக்கில் கொண்டு ஐ.நா. அமைப்புகள் 2020-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. அதன்படி 2019-ல் உலகில் சுமார் 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன. இந்தியாவில் மட்டும் சுமார் 3.4 லட்சம். எண்ணிக்கையில் உலகிலேயே இதுதான் அதிகம். அதாவது ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ 14. ஆனால், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு ஆய்வு 2020-க்குத் தரும் கணக்கு, ஆயிரத்துக்கு வெறும் 3.

2014-ல் மத்திய அரசு வெளியிட்ட பச்சிளங்குழந்தைகள் செயல்திட்டம், 2030-க்குள் இந்த விகிதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்க வேண்டும் என்கிறது. மாதிரிப் பதிவு ஆய்வின் கணக்கு சரியென்றால் அந்த இலக்கை எட்டியாகிவிட்டது, திட்டமே தேவையில்லை. தன் கணக்கை அரசே முழுமையாக நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டத்திலும் இக்குழந்தைகளின் நிலை விசித்திரமானது. 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 'பிறப்பு' என்ற சொல்லுக்குள் இறந்து பிறத்தலையும் சேர்க்கிறது. 'இறப்பு' என்பதோ உயிருடன் பிறந்த பின் நேர்வது மட்டுமே. பிறந்ததாக ஏற்கப்படும் குழந்தை இறந்ததாக ஏற்கப்படுவதில்லை. பிறந்து சில நிமிடங்களில் உயிர் பிரிந்த குழந்தையையும் இறந்தே பிறந்ததாக எழுதிவிட்டால் கேள்விகள் குறையும் என்பதும், எண்ணிக்கையைக் குழப்பும் காரணங்களில் ஒன்று.

பிரசவம் வீட்டில் நடந்த காலத்தில், வசதியின்மை என்ற ஒரே பதில் போதுமானதாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல இயலாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றில் சுமார் 89 பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. உலக அளவில் இறந்து பிறக்கும் குழந்தைகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை பிரசவ வலி தொடங்கிய பிறகே உயிரிழக்கின்றன என்பது ஐ.நா. மதிப்பீடு. தாய் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிறகும் குழந்தை கைநழுவிப் போகிறது என்றால், அங்கு என்ன நடந்தது என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்டால் விடை கிடைக்கும். குழந்தையின் தோல் உரிந்து நிறம் மாறியிருந்தால், வலி தொடங்கும் முன்பே கருவறையில் இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் அளக்கப்பட்டதா, சர்க்கரை நோயும் சிபிலிஸ் தொற்றும் கண்டறியப்பட்டனவா, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தாய் சொன்னபோது யாராவது செவிமடுத்தார்களா? தோல் சிதையாமல் இருந்தால் கேள்வி பிரசவ அறையை நோக்கித் திரும்புகிறது. அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய இதயத் துடிப்பு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம் வலியின்போது நிரப்பப்பட்டதா, எல்லாம் முடிந்த பிறகா? அறுவைச் சிகிச்சை என்று முடிவெடுத்த பின் எத்தனை மணி நேரம் கழிந்தது? மயக்க மருந்து நிபுணர் இருந்தாரா? ஆம்புலன்ஸ் வந்ததா? பத்து, இருபது சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே தவறு திரும்பத் திரும்ப நிகழ்வது புலப்படும். இதற்காகவே, தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்த மத்திய அரசு 2016-ல் நெறிமுறை வெளியிட்டது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வு வழிகாட்டியும் அதே ஆண்டில்தான் வந்தது.

தடையாக நிற்பது அச்சம். 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசாவில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் ஒரு பெண் இறந்ததையடுத்து, கொலை வழக்கு பதிவு செய்யப்பட்ட பெண் மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். இத்தகைய சூழலில் உண்மையைக் குறிப்பேட்டில் எழுத எந்தச் செவிலியர் துணிவார்? இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கு மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் இறப்புகளை ஆராயும்போது மருத்துவர், மருத்துவமனை, நோயாளி ஆகியோரின் பெயர்களை மறைத்துவிடுகிறது. யார் தவறு என்பதல்ல, எது தவறு என்பதே அங்கு கேள்வி. இறந்து பிறக்கும் குழந்தைகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால், பெயர் மறைக்கும் ஆய்வு மட்டும் போதாது. தன் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் தாய்க்குப் பெயரில்லாத அறிக்கையால் பயனில்லை. பிரிட்டனில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஆய்வு முறையில், பெற்றோரின் கேள்விகளும் கேட்டுப் பெறப்பட்டு, முடிவு அவர்களுக்கு விளக்கப்படுகிறது.

இங்கு அந்தத் தாய் பெரும்பாலும் மற்றவர்களின் குழந்தைகள் அழும் வார்டிலேயே படுக்கவைக்கப்படுகிறார். இரண்டு, மூன்று நாளில் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும் என்பதைக்கூட பலருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊர் திரும்பினால் பழி அவர்மீதே விழுகிறது. ஆஷா பணியாளரின் 42 நாள் வீட்டு வருகைகளோ பச்சிளங்குழந்தையை மையமாக வைத்து வகுக்கப்பட்டவை. 2022 செப்டம்பரில் மத்திய அரசு, குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்தாலோ தன் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு அளித்தது. செங்கல் சூளையிலும் வயலிலும் கூலி வேலை செய்பவருக்கு அந்த ஆணை பொருந்தாது.