மலை நகரத்துக்குப் புயல் வரும் வழி

கடல் எங்கோ இருக்கிறது, ஊரோ மலைக்கு நடுவே. புயல் அங்கே என்ன செய்துவிடும்? நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் வட கரோலினாவில், புளூ ரிட்ஜ் மலைகளுக்கிடையே சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆஷ்வில் நகரத்தில் பலரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையைக் கடந்தது புளோரிடாவில், ஆஷ்வில்லிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தெற்கே. மறுநாள் காலையே ஆஷ்வில் வெள்ளத்தில் இருந்தது.

நிதானமாகப் பார்ப்போம். சூடான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி. தரைக்கு வந்தால் அது கிடைக்காது, காற்றின் வேகம் தளரும். ஆனால் புயல் சுமந்து வந்த ஈரம் அதோடு போய்விடாது. அந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்கிறது. ஈரத்துணியைப் பிழிந்ததுபோல மழை கொட்டுகிறது. சமவெளியில் பரவி நிற்கும் நீர், மலையில் குறுகிய பள்ளத்தாக்குகளில் ஒன்றுசேர்ந்து ஓடுகிறது.

இன்னொன்றுதான் முக்கியம். ஹெலீன் வருவதற்கு முன்பே, 25-ஆம் தேதி முதல் அந்த மலைகளில் கனமழை. மண் குடிக்க வேண்டியதையெல்லாம் குடித்து முடித்திருந்தது. அதன்மேல் புயல்மழை. ஆஷ்வில்லுக்கு வடகிழக்கே பியூசிக் என்ற இடத்தில் மட்டும் மூன்று நாள் சொச்சத்தில் 78 செ.மீ. பெய்தது. ஊறிப்போன மண்ணில் வேர் பிடி விட்டது. காட்டு மரங்கள் சாய்ந்தன, சரிவுகள் பெயர்ந்தன.

இது புதிதல்ல. 1916 ஜூலையில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன: முதலாவது மண்ணை நனைத்தது, இரண்டாவது ஊரை மூழ்கடித்தது. 2004 செப்டம்பரில் பிரான்சிஸ், அடுத்து ஐவன், அதே கதை. அதனால் மலையூரில் இருப்பவர்கள் காற்றின் வேகத்தை வைத்துப் புயலுக்குக் கொடுக்கும் வகை எண்ணை மட்டும் பார்த்துத் தைரியப்படக் கூடாது என்பேன். முந்தைய நாட்களில் எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள். ஹெலீன் வரும் முன்பும் வானிலை மையம் 1916-ஐ நினைவூட்டி முன்கூட்டியே எச்சரிக்கத்தான் செய்தது.

ஹெலீனில், ஆஷ்வில் வழியே ஓடும் பிரெஞ்ச் பிராட் ஆறு 1916-இன் உச்சத்தைத் தாண்டி 24.67 அடிக்கு ஏறியது. அத்தனை வெள்ளத்துக்கு நடுவிலும் குழாயில் தண்ணீர் இல்லை. நார்த் போர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெருங்குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2004 அனுபவத்துக்குப் பின் ஆழத்தில் புதைத்த மாற்றுக் குழாயும் தப்பவில்லை. குழாய்நீரைக் குடிக்கலாம் என்று அறிவித்தது நவம்பர் 18-இல், 53 நாள் கழித்து. மக்கள் ஓடைநீரைப் பக்கெட்டில் மொண்டுவந்து கழிப்பறையில் ஊற்றினார்கள். சொந்தக் கிணறு உள்ளவர்களுக்கும் கஷ்டம்தான்: கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதே!

ஆகவே முதல் ஏற்பாடு தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், இரண்டு வாரத்துக்கு. கழிப்பறைக்குத் தனியாக டிரம்மில். செல்போன் கோபுரங்கள் செயலிழந்தபோது செய்தி சொன்னது வானொலிதான். பேட்டரி ரேடியோவும், கார்டு மெஷின் ஓடாத நாட்களுக்குக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். சாலைகள் துண்டிக்கப்படும் என்று எண்ணியே மாத்திரைகளை வாங்கி வையுங்கள்.

காப்பீடும் அப்படியே. ஆஷ்வில் இருக்கும் மாவட்டத்தில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று சேர்ந்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் வரைபடத்தில் தெரிந்தபிறகு ஓடிப் பயனில்லை.

கடைசியாக, மேட்டில் வீடு என்பதே பாதுகாப்பாகிவிடாது. ஹெலீனில் சரிந்த இடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். சரிவின் அடிவாரத்திலோ ஓடை வாயிலோ குடியிருந்தால் மழை வலுக்கும் முன்பே வேறிடம் போய்விடுங்கள். ஓடை திடீரென்று சேறானாலும், மழை விடாதபோதே நீர் குறைந்தாலும், மேலே பாறை உருளும் சத்தம் கேட்டாலும், பெட்டி கட்ட நிற்காமல் ஓடை போகும் திசையை விட்டுப் பக்கவாட்டில் மேடேறுங்கள்.