இரைப்பையும் அதன் புண்ணும்

சமிபாட்டுத் தொகுதியைப்பற்றிக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். வாய்முதற் குதம்வரை ஏறத்தாழ முப்பது அடி நீளமுள்ள அவ்வழியைப் படிப்படியாக நடந்து காட்டப்புகின் மலரின் பக்கங்கள் போதா. ஆதலின் வழியின் பெரும்பகுதியை விரைந்து கடந்து, இரைப்பை என்னும் ஓரிடத்தில் மாத்திரம் தங்கிநிற்கக் கருதினோம். அதற்கொரு காரணமுண்டு; அதனைப் பின்னர்க் கூறுவாம்.

உணவு வாயிற் புகுந்தவுடனேயே சமிபாடு தொடங்கிவிடுகின்றது. பற்கள் அரைக்க, உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக மாற்றத் தலைப்படுகின்றது. ஒரு கவளம் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவது இதனாலேயே. மென்ற கவளம் பத்து அங்குல நீளமுள்ள களத்தின் வழியே இறங்கும். அது தன் பாரத்தால் விழுவதன்று. களத்தின் தசைகள் அலையலையாய்ச் சுருங்கித் தள்ள இறங்குவது. சிரசாசனத்தில் நிற்பவன் விழுங்கினும் உணவு இரைப்பையையே சேரும். (எவரும் இதனைச் சோதித்துப் பார்க்கவேண்டா.)

இரைப்பை, வயிற்றின் மேற்பாகத்தில் இடப்புறமாகச் சாய்ந்து கிடக்கும் ஒரு தசைப்பை. வெறுமையாயிருக்கையிற் சுருங்கிக் கிடப்பது, உணவு வந்தால் விரிந்து ஒரு லீற்றருக்கு மேலுங் கொள்ளும். அதன் சுவரிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் இரைப்பைநீர் சுரக்கின்றது. ஐதரோகுளோரிக்கமிலமும், புரதத்தை அறுக்கும் பெப்சின் என்னும் நொதியமும் அந்நீரிலுள்ளன. அமிலம் உணவோடு வந்த கிருமிகளிற் பெரும்பாலனவற்றைக் கொல்லும். பெப்சின் தொழிற்படுதற்கு ஏற்ற நிலையையும் அதுவே உண்டாக்கும். கடைந்து கூழான உணவு சிறிது சிறிதாக முன்சிறுகுடலுட் சென்று, அங்கே ஈரலிலிருந்து வரும் பித்தநீரோடும் சதையிநீரோடுங் கலக்கின்றது. சமிபாட்டின் பெரும்பகுதியும், சத்துக்கள் குருதியிற் சேர்தலும் நிகழ்வது இருபதடிச் சிறுகுடலிலேயேயாம். எஞ்சியதன் நீரை உறிஞ்சிக்கொள்வது பெருங்குடல். இவ்வளவோடு மற்றை உறுப்புக்களை விடுத்து, இரைப்பைக்கு மீள்வாம்.

உயிருள்ள மனிதனின் இரைப்பை வேலை செய்வதை முதன்முதல் நெடுங்காலம் இருந்து பார்த்தவர் அமெரிக்கப் படைவைத்தியரான வில்லியம் போமொன்ற் என்பவர். 1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, மக்கினோத் தீவிலிருந்த தோல்வணிகக் கடையொன்றில் தற்செயலாக ஒரு துப்பாக்கி வெடித்து, அலெக்சிஸ் சென் மாட்டின் என்னுங் கனேடியப் படகோட்டியின் இடப்புறத்தைத் துளைத்தது. அவன் பிழையான் என்றே போமொன்ற் எண்ணினார். அவனோ பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குச் செல்லும் துளை மூடவில்லை. 1825இல் போமொன்ற் இறைச்சி, பாண், கோவா முதலியவற்றின் துண்டுகளைப் பட்டுநூலிற் கட்டி அத்துளைவழியே இறக்கி, குறித்த நேரத்துக்கொருமுறை வெளியே இழுத்துப் பார்த்தார். இவ்வாறு பல ஆண்டுகள் நோக்கிக் கண்டவற்றை 1833இல் நூலாக வெளியிட்டார். இன்னின்ன உணவு இத்துணை நேரத்திற் சமிக்கும் எனக் காட்டும் அட்டவணை அதிலுண்டு. அவித்த அரிசிக்கு அவர் குறித்த நேரம் ஒரு மணி. வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி. சோற்றை நம்பி வாழும் எம்மவர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. அப்படகோட்டிக்கு இவ்வாராய்ச்சி மகிழ்ச்சி தந்ததாகத் தெரியவில்லை. அவன் பன்முறை வீட்டுக்குப் போய்விட்டான். 1880இல் அவன் இறந்தபோது, வைத்தியர்கள் உடலை அறுத்துப் பார்த்தலாகாதென்று, அது கெடும்வரை வைத்திருந்து ஆழப் புதைத்தனர் உறவினர்.

போமொன்றின் நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளின்பின், 1847இல், அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார் என்பதும், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே அவர் கற்பித்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. இரைப்பையின் தொழிலைத் தமிழிற் கூறுவது எமக்குப் புதிதன்று.

இனி ஒரு வினா. இறைச்சியைக் கரைக்கும் நீர், இறைச்சியாலாய இரைப்பையை ஏன் கரைக்கவில்லை? இரைப்பையின் உட்புறம் முழுவதையும் வழுவழுப்பான சீதப்படை போர்த்திருக்கின்றது. அதனடியிற் காரத்தன்மையுள்ள நீர் சுரந்து, ஊடுருவிவரும் அமிலத்தை அடக்குகின்றது. இவையுந் தவறி மேற்றோற் கலங்கள் சில அழியினும், சில நாட்களுக்குள் அவை அனைத்தும் புதியனவாக மாறிவிடுகின்றன. காவல் குன்றும்போது அமிலம் சுவரை அரிக்கத் தொடங்கும். அவ்வரிப்பே இரைப்பைப் புண், அல்லது முன்சிறுகுடற் புண்.

எம் காரணத்தைக் கூறுதற்கு இதுவே இடம். 1960களில் யாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில் எமக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர் ஒருவருக்கு வயிற்றுப் புண் இருந்தது. மேசைமேல் ஒரு போத்திலிற் பால் இருக்கும். இரண்டு மணிக்கொருமுறை அதிற் சிறிது அருந்துவார். உறைப்பை முற்றாக விலக்கியவர். வீட்டில் அவருக்கெனத் தனியே அடுப்பு எரியும். ஒருநாள் எம் வகுப்பினர் எல்லைமீறிக் குழப்பஞ் செய்தபோது, மற்றொரு ஆசிரியர் வந்து, “உங்களாலேதானடா அந்த மனிசனுக்கு வயிற்றிலே புண்” என்றார். முப்பது பையன்களும் வாய்திறவாது இருந்தோம். பின்னர் அவருக்கு இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியகற்றினர். 1970களின் நடுப்பகுதியிற் காலமானார். அந்த வார்த்தை எம்மிற் பலரைவிட்டு நீங்கவில்லை.

யாம் மருத்துவங் கற்றபோதும் பாடநூல்கள் அதையே சற்று நாகரிகமாகக் கூறின: மனக்கவலை, பரபரப்பு, புகைத்தல், மிகை அமிலம். ‘அமிலமின்றேற் புண்ணில்லை’ என்பது 1910 முதல் வழங்கிவந்த கொள்கை. அதன்படி பாலுங் காரப்பொடியுங் கொடுத்தனர். இரைப்பைக்குச் செல்லும் நரம்பை வெட்டினர். 1976இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெற்றிடீன் வந்தது. அதனை ஆக்குதற்கு வழிகண்ட ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். புண் ஆறியது உண்மை. மருந்தை நிறுத்தினால் திரும்ப வந்ததும் உண்மை. ஏன் வந்ததென்று வினவியவர் சிலரே. யாமும் வினவவில்லை; தேர்வில் ‘மனக்கவலை’ என்று எழுதிப் புள்ளியும் பெற்றோம்.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன் என்னும் நோய்க்கூற்றியல் வல்லுநர், 1979இல், இரைப்பைச் சுவரின் துணுக்குகளில் வளைந்த சிறு பற்றீரியாக்களைக் கண்டார். அமிலத்தில் எதுவும் வாழாதென்பது அக்காலத் துணிபாதலால் அவர் சொல்லைக் கேட்பார் அரியர். 1981இல் பரி மார்ஷல் என்னும் இளவைத்தியர் அவரோடு சேர்ந்தார். அக்கிருமியை வளர்க்க முயன்ற முயற்சிகளெல்லாம் வீணாயின. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்கவில்லையெனத் தட்டுக்களை எறிந்துவிடுவது வழக்கம். 1982ஆம் ஆண்டின் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு எறியப்படாமற் கூடுதல் நாட்கள் கிடந்தது. திரும்பி வந்து பார்க்கையிற் கிருமி முளைத்திருந்தது! அது மெதுவாக வளர்வது, பொறுத்திருப்பாரில்லாமையே குறையாயிருந்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியுண்டாயிற்று. அகநோக்கிக் குழாய்கொண்டு பார்த்தபோது இரைப்பை அழற்சியுற்றிருந்தது. அவருக்குப் புண் உண்டாகவில்லை யென்பதையுங் கூறவேண்டும்; புண்ணுக்கு முன்னிலையான அழற்சியே உண்டாயிற்று. எலிக்கோபற்றர் பைலோரி என இன்று வழங்கும் அக்கிருமிக்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் அது வாழும் வகை வியப்புக்குரியது. யூரியாவை உடைத்து அமோனியாவாக்கித் தன்னைச் சுற்றிக் காரவேலியொன்றை இட்டுக்கொண்டு, சீதப்படைக்குள் நுழைந்துவிடுகின்றது. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டினுள்ளேயே, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகின்றது. உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இதனைச் சுமக்கின்றனர் என்பர்; அவருட் சிறுபகுதியினர்க்கே புண் உண்டாகும். நாட்பட இருப்பின் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது காரணமாகலாம். கிருமி உண்டோ இல்லையோ என்பதை மூச்சைச் சோதித்தே அறியலாம்: குறியிட்ட காபனையுடைய யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, வெளிவரும் மூச்சில் அக்காபன் உளதா எனப் பார்ப்பர். மருந்து பத்து அல்லது பதினான்கு நாள். கிருமிகொல்லி மருந்துகள் இரண்டும் அமிலங்குறைக்கும் மருந்தொன்றும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நான்காம் நாளிலே நோவு குறைந்ததென்று நிறுத்துவோர் கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடுகின்றனர். அதன்பின் அம்மருந்து பயன்படாது.

பழைய மாணவர்களிற் பலர் இன்று அறுபதைக் கடந்தவர்கள், முழங்கால் நோவுக்காரர். அவர்கள் மற்றொரு காரணத்தை அறிதல் வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைகுளோபினாக் முதலிய நோவுமருந்துகள் சீதக் காவலைக் குறைத்துத் தாமே புண்ணை உண்டாக்குவன. முதியோரில் முன்னறிவிப்பாய் நோவு எதுவுமின்றியே குருதி பாயலாம். பரசிற்றமோல் இவ்வகுப்பைச் சேர்ந்ததன்று. இருதயத்துக்கென வைத்தியர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை, இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டா. அது வேறோர் ஆபத்து. அவரிடமே கேட்டறிக.

மிளகாயின்மேற் சுமத்தப்பட்ட பழி பெரும்பாலும் வீண்பழி. உறைப்புப் புண்ணைப் படைப்பதில்லை. உள்ள புண்ணை எரியச் செய்யலாம். விரதத்தின் செய்தியும் ஏறத்தாழ அதுவே. முன்சிறுகுடற் புண் வெறுவயிற்றிலும் நள்ளிரவிலும் நோவதும், சிறிது உண்டால் தணிவதும் இயல்பாதலால், கந்தசட்டி விரதத்தில் நோவு தெரிந்தவர் விரதத்தைக் குறைகூறுவர். புண் அதற்கு முன்பே இருந்திருக்கும்.

‘காஸ்’ என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்குதல் எம்மவர் வழக்கம். நெஞ்சின் நடுவே இறுக்கும் நோவு வியர்வையோடு வந்து, கைக்கோ தாடைக்கோ பரவின், அது இருதயத்தின் நோவாக இருக்கலாம். சோடா குடித்துக்கொண்டு வீட்டிலிராது அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்க. விழுங்குதல் கடினமாதல், காரணமின்றி உடல் மெலிதல், குருதியாகவோ கோப்பிமண்டி போலவோ வாந்தியெடுத்தல், திடீரென வயிறு பலகைபோல இறுகி நோதல் ஆகியனவும் நாளைக்கென்று தள்ளத்தக்கனவல்ல. மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, மிக்க நாற்றத்தோடு கழியின் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ குருதி கசிகின்றதென்று கொள்ளல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வோர்க்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார்போலப் பிசுபிசுப்பதில்லை. ஐயமிருப்பின் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடஞ் செல்க.