கண்டனக் கடிதம் வாங்கித் தந்த கூட்டம்!

குட்டீஸ், உங்கள் பள்ளியில் கேம்ஸ் பீரியட் எப்படி நடக்கிறது? மணி அடித்ததும் பி.டி. மாஸ்டரிடம் ஓடுவீர்கள். நல்ல பந்து, பெரிய மைதானம் எல்லாம் பையன்களுக்குப் போய்விடும். ஓரத்தில் ரிங் விளையாட ஓர் இடம் பெண் பிள்ளைகளுக்கு. அதையும் சில நாள் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார்!

அமெரிக்கக் கல்லூரிகளிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். அதை மாற்றப் போராடியவர்களில் ஒருவர் கிறிஸ்டின் கிராண்ட். அவர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை டைரக்டர். அவ்வளவுதான்.

'டைரக்டர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலைதானே' என்று நினைக்காதீர்கள். எந்தெந்த விளையாட்டுக்கு அணி வேண்டும், யாரைப் பயிற்சியாளராகப் போடலாம், வெளியூர்ப் போட்டிக்கு யார் செலவு செய்வது, ஷூ வாங்கப் பணம் எங்கே... எல்லாம் அவர் தலையில்தான். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது திருவிழா மாதிரி. சில பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் 70 ஆயிரம் பேர், ஒரு லட்சம் பேர் என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். நன்றாக விளையாடுகிறவர்களுக்குப் படிப்புச் செலவையே பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். ஆனால், 1970-களின் தொடக்கம் வரை இதெல்லாம் ஆண்களுக்குத்தான்.

கிறிஸ்டின் கிராண்ட் 1936-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில், போனஸ் என்ற ஊரில் பிறந்தார். (தீபாவளிக்கு அப்பாவுக்குக் கிடைக்குமே, அந்த போனஸ் இல்லை. ஊர்ப் பெயரே அப்படி!) அங்கே உடற்கல்வி படித்தார். ஹாக்கி என்றால் உயிர். 1961-ல் கனடாவுக்குப் போய் ஹாக்கி பயிற்சியாளர் ஆனார். மேற்படிப்புக்காக 1969-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அயோவா என்பது கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம் விளையும் மாநிலம்.

அங்கே வந்து பார்த்தவருக்கு அதிர்ச்சி. இவ்வளவு பணக்கார நாட்டில், கல்லூரிப் பெண்கள் விளையாடப் பெயருக்குத்தான் ஏதோ இருந்தது.

1972-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்று பெயர். அதன் முக்கியமான வாசகத்தில் ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள்தான். அரசிடம் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது சாரம். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த 37 வார்த்தைகளில் 'விளையாட்டு' என்ற சொல்லே இல்லை! ஆனால் விளையாட்டும் படிப்பின் ஒரு பகுதிதானே? அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1973-ல், அயோவா பல்கலைக்கழகம் பெண்களுக்கென்று தனி விளையாட்டுத் துறை தொடங்கி, கிராண்டை டைரக்டர் ஆக்கியது. ஆண்களுக்கு ஒரு துறை, பெண்களுக்கு ஒரு துறை. ஹாக்கி, கூடைப்பந்து, நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று அவர் காலத்தில் 12 விளையாட்டுகளில் பெண்கள் அணிகள் வளர்ந்தன.

பல கல்லூரிகள் 'பெண்கள் அணிக்குப் பணம் இல்லை' என்று கையை விரித்தன. கிராண்ட் விடவில்லை. ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கை எடுத்து வைத்துப் பேசுவார். (பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்!) உள்ளூரில் பேசியதோடு நிற்கவில்லை. தலைநகர் வாஷிங்டன் வரை போய் சாட்சியம் சொன்னார்.

இப்போது கூடைப்பந்துக்கு வருவோம். அயோவாவில் கிராமத்துப் பள்ளிகளில்கூடப் பல காலமாகப் பெண்கள் கூடைப்பந்து ஆடினார்கள். ஆனால் அது வேறு மாதிரி ஆட்டம். ஓர் அணிக்கு 5 பேர் இல்லை, 6 பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள். மற்ற மூன்று பேர் அடுத்த பாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாருமே தாண்டக்கூடாது! பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டவும் கூடாது. 'பெண்கள் மைதானம் முழுக்க ஓடினால் உடம்புக்கு ஆகாது' என்று பெரியவர்கள் நினைத்த காலத்தில் வந்த விதி. அயோவாப் பள்ளிகளில் இந்த ஆட்டம் 1993 வரைகூட இருந்தது. ஆனாலும் பாருங்கள், மாநிலப் போட்டி என்றால் ஊரே திரண்டு போகும். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியே அந்த மாநிலத்தில் எடுபடாது.

பார்க்க ஆள் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது. 1983-ல் கிராண்ட் ஒரு காரியம் செய்தார். விவியன் ஸ்ட்ரிங்கர் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்தார். செய்னி என்ற சின்னக் கல்லூரியின் அணியை, 1982-ல் தேசிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர் அவர்.

அயோவாவில் கார்வர் ஹாக்கை என்ற புத்தம் புது அரங்கம் இருந்தது. சுமார் 15,500 பேர் உட்காரலாம். பெண்கள் ஆட்டத்துக்கு இது நிரம்புமா? ஒரு நாளாவது நிரப்பிக் காட்ட வேண்டும் என்று கிராண்டுக்கும் ஸ்ட்ரிங்கருக்கும் ஆசை.

1985 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி, பலமான ஒஹாயோ ஸ்டேட். மக்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். இருக்கைகள் நிரம்பின. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கிடைத்த இடத்தில் எல்லாம் நின்றார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 22,157 பேர்! அதுவரை அமெரிக்காவில் எந்தப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

அயோவா அன்று தோற்றுப் போனது என்பது வேறு விஷயம்.

தோல்வி மட்டுமா? தீ பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து கிராண்டுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. படிக்கட்டு வழியை எல்லாம் அடைத்து உட்கார வைத்தால், தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது? அவர் கேட்டது நியாயம்தான். அன்று ஏதும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். ஆனால் கிராண்டின் நிலையில் இருந்து யோசியுங்கள்... பன்னிரண்டு வருடங்களாக 'பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்' என்று கேட்டவர்களுக்கு, 'கூட்டம் அதிகம்' என்று ஓர் அதிகாரியே எழுத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்!

மூன்றே ஆண்டுகளில், 1988-ல், அதே அணி தேசிய தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது.

கிராண்ட் எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கான கல்லூரிப் போட்டிகளை அப்போது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் நடத்திவந்தது. பெண்களே நடத்திய சங்கம். 1980-ல் கிராண்ட் அதன் தலைவர். ஆண்களின் போட்டிகளை நடத்திவந்த பெரிய சங்கம் என்.சி.ஏ.ஏ. அது 1981-ல் பெண்களுக்கும் போட்டி நடத்தத் தொடங்கியது. அவர்களிடம் பணம் இருந்தது, டி.வி. இருந்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. கிராண்டின் சங்கம் வழக்குப் போட்டது. தோற்றது. சங்கத்தையே மூட வேண்டியதாயிற்று. இது அவருக்குப் பெரிய அடி. 'எங்கள் வீராங்கனைகளுக்கான விதிகளை இனி யாரோ எழுதுவார்களே' என்ற கவலை அவருக்கு.

என்ன செய்வது? தன் அணிகளை அந்தப் பெரிய சங்கத்தின் போட்டிகளுக்கே அனுப்பினார். 1986-ல் அயோவாப் பெண்கள் அங்கே தேசிய சாம்பியன் ஆனார்கள். எந்த விளையாட்டில் என்கிறீர்களா? கிராண்டுக்கு உயிரான ஹாக்கியில்! இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

2000-ம் ஆண்டில் கிராண்ட் ஓய்வு பெற்றார். ஆண், பெண் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 27 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்திருக்கிறார். அந்த ஆண்டு, லிசா புளூடர் என்பவர் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்தார். அவரிடம் பின்னாளில் பயிற்சி பெற வந்த பெண்தான் கெய்ட்லின் கிளார்க். அயோவா மாநிலத்துப் பெண். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே பந்தை எறிந்து கூடையில் போடுவார். பாட்டிமார்கள் காலத்தில் தாண்டவே கூடாது என்று சொன்ன அதே நடுக்கோடு!

2023 அக்டோபர் 15. இந்த முறை உள்ளரங்கம் போதாது என்று, ஆண்கள் கால்பந்து ஆடும் கின்னிக் மைதானத்தில் திறந்தவெளியில் கூடைப்பந்துத் தளம் போட்டார்கள். அயோவாவுக்கும் டி பால் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். குளிர் காற்றில் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் 55,646 பேர். கிளார்க் மட்டும் 34 புள்ளிகள் எடுத்தார். அயோவா ஜெயித்தது. அடுத்த ஆண்டு தேசிய இறுதிப் போட்டியை டி.வி.யில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

கிறிஸ்டின் கிராண்ட் இதைப் பார்க்கவில்லை. 2021 டிசம்பர் 31-ம் தேதி, தன் 85-வது வயதில் காலமாகிவிட்டார். கின்னிக் மைதானத்தில் அன்று யாரும் படிக்கட்டில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அங்கே சுமார் 70 ஆயிரம் இருக்கைகள் இருக்கின்றன!